போனில் நடக்கும் வாக்குவாதம் ஏன் சண்டையில் முடிகிறது?



காலையில் பெரட்டுக்களத்தில் நாம் எத்தனையோ விஷயங்களைப் பேசிக்கொள்கிறோம். நேற்றுக் கொழுந்து நிறுத்தபோது எத்தனை கிலோ கழித்தார்கள், கோயில் திருவிழாவுக்குக் காம்பராவுக்கு எவ்வளவு வரி, எந்த லயத்துக் கூரைத் தகரம் காற்றில் போயிற்று என்று பேச்சு ஓடும். கருத்து வேற்றுமை வரும். சத்தமும் வரும். ஆனாலும் கூடையை எடுத்துக்கொண்டு ஒரே மலைக்குத்தான் ஏறுகிறோம். தேத்தண்ணிக்கு ஒன்றாகத்தான் உட்காருகிறோம்.

அதே ஆட்கள் அதே விஷயத்தை இரவில் போனில், வட்ஸ்அப் குழுவில் பேசும்போது என்ன நடக்கிறது? "நீ யாரு கேக்க?" என்கிறார் ஒருவர். "ஒங்க கட்சிக்காரன் மட்டும் யோக்கியமா?" என்கிறார் இன்னொருவர். பத்து நிமிடத்தில் நாலு பேர் குழுவை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். மறுநாள் மலையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள்.

"இந்தப் போன் வந்ததுல இருந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. ஆட்கள் மாறவில்லை. பேசும் இடத்தின் அமைப்புத்தான் மாறியிருக்கிறது. எந்த அமைப்புக்குள் பேசுகிறோமோ அதற்கு ஏற்றபடிதான் நம் பேச்சும் வருகிறது. இதை விளங்கிக்கொண்டால் பல சண்டைகளைத் தவிர்க்கலாம். சில வேளைகளில் உயிர்களையும் காப்பாற்றலாம். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

தந்தியும் கடிதமும்

நமது பெரியவர்களுக்குத் தந்தி ஞாபகம் இருக்கும். தந்திக்காரர் லயத்துப் பக்கம் வந்தாலே, அதைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஏன்? ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. ஆகவே சாவு, கடும் நோய், உடனே புறப்படு என்ற மூன்று விஷயங்களைத் தவிர வேறு எதற்கும் நம்மவர்கள் தந்தி அடித்ததில்லை. தந்தி வேண்டுமென்று கெட்ட செய்தி கொண்டுவரவில்லை. அதன் அமைப்பு அப்படி.

கடிதம் வேறு மாதிரி. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் குடும்பங்கள் பிரிந்தன. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இங்கே என்று ஆனது. அந்தக் காலத்தில் வந்த கடிதங்களை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் உண்டு. நலம் விசாரிப்பு, பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றாக, பிறகு சங்கதி, பிறகு மனத்தாங்கல், கடைசியில் "தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்". காணிப் பங்குச் சண்டையைக்கூட ஒரு கடிதத்தில் எழுதலாம். பதில் வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் கோபமும் கொஞ்சம் ஆறிவிடும்.

ஒரே அண்ணன் தம்பிதான். தந்தியில் ஒரு மாதிரி, கடிதத்தில் ஒரு மாதிரி. இன்றைய பேஸ்புக் பதிவு, வட்ஸ்அப் படம், வெட்டி எடுத்த வீடியோ, போர்வர்ட், லைக் எல்லாமே இப்படி ஒவ்வொரு அமைப்புத்தான். ஒவ்வொன்றும் பேச்சில் எதையோ வைத்துக்கொள்கிறது. எதையோ வெட்டி எறிந்துவிடுகிறது. எதை எறிகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

காரைதீவுச் சந்தியில் கேட்ட கதை

நமது தோட்டத்துப் பிள்ளை ஒன்றைக் காரைதீவில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கலியாணத்துக்கு நாமும் போயிருந்தோம். காரைதீவு அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர். யாழ் நூல் எழுதிய சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த மண். வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், அதற்கப்பால் கல்முனை. தெற்கே நிந்தவூர். தமிழ் ஊர் எங்கே முடிகிறது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்குகிறது என்று புதிதாகப் போனவருக்குத் தெரியாது. கோயில் மணியும் பாங்குச் சத்தமும் ஒரே காற்றில் வரும்.

சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. மணமகனின் பெரியப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர், நம்மை அங்கே கூட்டிப் போனார். கடைக்காரர் முஸ்லிம். பெரியப்பா அவரைக் "காக்கா" என்கிறார். அவர் இவரை "சேர்" என்கிறார். மேற்கே பிரிந்து போகும் றோட்டைக் காட்டிப் பெரியப்பா சொன்னார்:

"இந்த றோட்டால நேர போனா சம்மாந்துறை, பிறகு அம்பாறை. 2018இல அங்க ஒரு சாப்பாட்டுக் கடையில எடுத்த வீடியோ ஒண்டு, பஸ் போறதுக்கு முந்தி நாடு முழுக்கப் போயிட்டு."

நடந்தது இதுதான். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் ஒரு கட்டி இருந்ததைச் சாப்பிட வந்தவர்கள் கண்டார்கள். "சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை இது" என்று கூச்சல் எழுந்தது. கடையில் இருந்தவரைக் கூட்டம் சூழ்ந்து கேள்வி கேட்டது. ஒருவர் போனில் படம் பிடித்தார். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. பயத்தில் தடுமாறி அவர் சொன்ன ஓரிரு சொற்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டது போல வீடியோவில் பதிந்துவிட்டன. அது பேஸ்புக்கில் ஏறியது. அன்றிரவே கடை, பள்ளிவாசல், வாகனங்கள் எல்லாம் தாக்கப்பட்டன.

அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்தார். அது மாவுக் கட்டி! கறியில் மா சரியாகக் கரையாவிட்டால் நம் வீட்டிலும் வருகிற அதே கட்டி. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்களும் விளக்கினார்கள். ஆனால் அந்த அறிக்கை வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

ஏன் கைமீறியது? மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பக்கம் கலவரம் வெடித்தது. அதற்கு உடனடிக் காரணம் வேறு. தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதி இறந்துபோனார். ஆனால் "மாத்திரை" வீடியோ ஏற்கனவே ஆயிரமாயிரம் போன்களில் கிடந்து மனங்களைச் சூடாக்கி வைத்திருந்தது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, உயிரும் போயிற்று. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியது. முடக்கம் ஒரு வாரம் நீடித்தது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் கம்பனியே, தனது தளம் அந்தக் கலவரத்தில் தவறாகப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்கு அது மருந்தாகாது.

இனி ஒவ்வொரு அமைப்பாகப் பார்ப்போம்.

வெட்டிய வீடியோ எதை எறிகிறது?

முன்னும் பின்னும் நடந்ததை எறிகிறது. அம்பாறை வீடியோவில் கேள்வி கேட்ட கூட்டத்தின் மிரட்டல் எவ்வளவு, அவருக்கு மொழி விளங்கியதா, சமையற்காரர் என்ன சொன்னார் என்பதெல்லாம் சட்டத்துக்கு வெளியே. உள்ளே இருப்பது ஒரு முகமும் இரண்டு சொல்லும்தான். கண்ணால் பார்த்தேன் என்ற நம்பிக்கையை வீடியோ தருகிறது. ஆனால் நாம் பார்த்தது படம் பிடித்தவர் காட்ட விரும்பிய பகுதியை மட்டுமே.

தோட்டத்தில் ஒரு சண்டை நடந்தால் தலைவர் என்ன கேட்பார்? "முதல்ல யாரு கை வச்சது? அதுக்கு முன்ன என்னா பேச்சு நடந்துச்சு?" இந்த இரண்டு கேள்விக்கும் வெட்டிய வீடியோவில் பதில் இருக்காது.

குறுகிய பதிவு எதை எறிகிறது?

"ஆனால்" என்ற சொல்லை எறிகிறது. "அவர் சொல்வது சரி, ஆனால் இப்படியும் இருக்கிறது" என்று சொல்ல இடம் வேண்டும். ஒரு வரிக்குள் ஆத்திரமும் கேலியும் அடங்கும். காரணம் அடங்காது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு நாடே பயத்தில் இருந்தது. மே 12ஆம் திகதி, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் யாருக்கோ பதிலாக ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் பொருள். வாய்ச் சண்டையில் நாமும் சொல்லக்கூடியதுதான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் தனியே எடுத்துப் படமாக்கிப் பரப்பியபோது, "இன்னொரு குண்டு வைக்கப் போகிறார்கள்" என்ற மிரட்டலாக மற்றவர்கள் அதை வாசித்தார்கள். கூட்டம் கூடியது. கல்லெறி நடந்தது. ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. மறுநாள் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களுக்கும் வன்முறை பரவியது. ஒருவர் கொல்லப்பட்டார். எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு வரி! அவர் எதிரே நின்று அதைச் சொல்லியிருந்தால், "என்னப்பா சொல்லுறாய்?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருப்பார். அவரும் விளக்கியிருப்பார். காரியம் அங்கேயே முடிந்திருக்கும்.

இடம் கூடினால் பேச்சு திருந்துமா? டுவிட்டர் என்ற தளத்தில் முதலில் 140 எழுத்துக்குள்தான் எழுத முடியும். 2017 நவம்பரில் அதை 280 ஆக்கினார்கள். அமெரிக்க அரசியல்வாதிகளுக்கு மக்கள் எழுதிய பதில்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். இடம் இரட்டிப்பானதும் திட்டு கொஞ்சம் குறைந்தது. காரணம் சொல்லிப் பேசுவது கூடியது. ஆனால் எதிராளிமேல் இருக்க வேண்டிய மரியாதையும் இரக்கமும் தொடர்ந்து குறைந்துகொண்டுதான் போயின. ஆகவே இடம் மட்டும் போதாது. இடமும் வேண்டும், எதிரே இருப்பவரும் மனிதர்தான் என்ற நினைப்பும் வேண்டும்.

போர்வர்ட் எதை எறிகிறது?

சொன்னவரை எறிகிறது. லயத்தில் ஒரு கதை பரவினால், "யாரு சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே போனால், நாலாவது காம்பராவில் ஆளைப் பிடித்துவிடலாம். போர்வர்ட் அப்படி இல்லை. மாமா அனுப்பியதால் மாமாவே சொன்னது போல நமக்குத் தெரிகிறது. மாமாவோ அதை முழுதாகப் பார்த்திருக்கவும் மாட்டார். நம்பிக்கை மாமாவுடையது, செய்தி யாருடையதோ!

பொய்க்கு இது நல்ல வசதி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்து, 2018 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தியை மற்றவர்கள் பகிர்வதற்கான வாய்ப்பு 70 வீதம் அதிகம் என்று கண்டார்கள். அதைப் பரப்பியது இயந்திரங்கள் அல்ல, பெரும்பாலும் மனிதர்களே. பொய் புதுமையாக இருக்கிறது, ஆச்சரியப்படுத்துகிறது. அதனால் கை தானாக அமுக்குகிறது.

அமைப்பை மாற்றினால் விளைவும் மாறும் என்பதற்கும் போர்வர்டே சாட்சி. முன்பு ஒரு செய்தியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேருக்கு அனுப்பலாம். 2019 ஜனவரியில் உலகம் முழுவதும் அதை ஐந்தாகக் குறைத்தது வட்ஸ்அப். 2020 ஏப்ரலில், ஏற்கனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்றது. அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் பரவுவது 70 வீதம் குறைந்ததாகக் கம்பனி அறிவித்தது. மனிதர்கள் ஒரே நாளில் நல்லவர்களாகிவிடவில்லை. கதவு கொஞ்சம் ஒடுங்கியது, அவ்வளவுதான். உங்கள் போனில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அந்தக் குறியைக் கவனிக்கப் பழகுங்கள்.

லைக்கும் கோபக் குறியும்

பேஸ்புக்கில் நமக்கு முதலில் எது தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பது நாம் அல்ல, கம்பனியின் கணக்கு. எந்தப் பதிவுக்குக் குறிகளும் பதில்களும் அதிகமோ அது மேலே வரும். 2017இல் இருந்து, கோப முகம், சிரிப்பு முகம் போன்ற குறிகளுக்கு ஒரு சாதாரண லைக்கைவிட ஐந்து மடங்கு பெறுமதி கொடுத்திருந்தார்கள். 2021இல் அமெரிக்கப் பத்திரிகை வெளியிட்ட கம்பனியின் உள் ஆவணங்களில் இது தெரியவந்தது. கோபக் குறி அதிகம் விழும் பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் கூடுதல் என்று அவர்களின் ஆட்களே கண்டுபிடித்த பிறகு, 2020இல்தான் அந்தக் குறியின் பெறுமதியைப் பூச்சியமாக்கினார்கள்.

கோயில் கமிட்டிக் கூட்டத்தில் யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்கே ஒலிபெருக்கியைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? இரண்டாவது கூட்டத்தில் எல்லாரும் கத்துவார்கள். நிதானமாகப் பேசக்கூடியவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். "ஏன்தான் பேஸ்புக்கில எல்லாரும் இவ்வளவு கோபமா இருக்காங்க?" என்று நாம் கேட்கிறோம். எல்லாரும் கோபமாக இல்லை. கோபமாக இருப்பவர்கள்தான் நம் கண்ணுக்கு முன்னால் வருகிறார்கள்.

நமது சம்பளப் பேச்சில்

இதெல்லாம் கரையோரத்துக் கதை, கண்டிக் கதை என்று நினைக்க வேண்டாம். நமது சோற்றுப் பிரச்சினையிலும் இதுதான் நடக்கிறது.

2024ஆம் ஆண்டு மே தினத்தை ஒட்டி நமது போன்களுக்கு வந்த படங்கள் ஞாபகம் இருக்கிறதா? பெரிய எழுத்தில் "1,700" என்ற எண். பக்கத்தில் ஒரு தலைவரின் படம். கட்சிக்கு ஏற்றபடி படம் மாறும். எண் மட்டும் மாறாது. அந்த எண்ணுக்குள் என்ன இருந்தது? அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 350 ரூபா. இரண்டும் வெவ்வேறு. ஊழியர் சேமலாப நிதி எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. வர்த்தமானி வந்தது உண்மை. ஆனால் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று புதிய வர்த்தமானி வந்தது.

இத்தனை சங்கதியும் ஒரு சதுரப் படத்துக்குள் அடங்குமா? அடங்காது. ஆகவே "வாங்கிக் கொடுத்துவிட்டோம்" என்று ஒரு படம். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று இன்னொரு படம். இரண்டு பக்கமும் நம் பிள்ளைகளே நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. நம் சம்பளத் துண்டில் என்ன போட்டிருக்கிறார்கள்? எத்தனை கிலோவுக்கு முழுப்பேர், எத்தனைக்கு அரைப்பேர்? மாதத்தில் எத்தனை நாள் வேலை? இவற்றைப் பற்றிப் படம் போட்டவர்கள் குறைவு. தலைவரைப் பற்றி இரவெல்லாம் சண்டை பிடித்தோம். சம்பளத் துண்டைப் பற்றிப் பேச மறந்தோம். நட்டம் யாருக்கு?

நல்லதும் உண்டு

அப்படியென்றால் போனைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். பழைய அமைப்புகளும் குறையற்றவை அல்ல. சங்கக் கூட்டத்தில் தலைவரே ஒரு மணித்தியாலம் பேசுவார். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆனால் எத்தனை கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நின்று பேச விட்டார்கள்? இன்று குரல் பதிவில் ஓர் அக்கா, "எங்க மலையில கக்கூசு இல்ல, அத மொதல்ல பேசுங்க" என்று சொல்ல முடிகிறது. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் குரல் பதிவு கைகொடுக்கிறது. அதில் நடுக்கம் தெரியும், சிரிப்பும் தெரியும். எழுதிய ஒரு வரியில் இல்லாத மனிதர் அதில் இருக்கிறார்.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில், கறுப்பு உடை அணிந்த மலையக இளைஞர் யுவதிகள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டார்கள். கடைகளிலும் வீடுகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளை அங்கே கூட்டியது பேஸ்புக்தான். அந்த அழைப்பில் நாள் இருந்தது, இடம் இருந்தது, கோரிக்கை இருந்தது. வந்தவர் முகத்தைக் காட்டி நின்றார். 2018 பெப்ரவரியில் அம்பாறைக் கடையை உடைக்க உதவிய அதே பேஸ்புக், அதே ஆண்டு ஒக்டோபரில் நியாயம் கேட்கவும் உதவியது. முதலாவதில் நாள், இடம், ஆள், காரணம் எல்லாம் வெட்டுப்பட்டிருந்தன. இரண்டாவதில் எல்லாம் இருந்தன. வித்தியாசம் இவ்வளவுதான்.

வயற்காரர்களின் சட்டம்

காரைதீவுத் தேத்தண்ணிக் கடைக்குத் திரும்புவோம். பெரியப்பாவுக்கு மேற்கே கொஞ்சம் வயல் இருக்கிறது. பக்கத்து வயல்கள் நிந்தவூர், சம்மாந்துறை முஸ்லிம்களுடையவை. எல்லாருக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர். தண்ணீர் திறக்கும் நாள், உர விஷயம், யானை வந்த செய்தி இவற்றுக்காக ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள்.

2019 ஏப்ரல் 26ஆம் திகதி, பக்கத்துச் சாய்ந்தமருதில், தாக்குதலோடு தொடர்புபட்டவர்கள் ஒளிந்திருந்த வீட்டைப் படையினர் சுற்றிவளைத்தபோது குண்டுகள் வெடித்தன. குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் வயற்காரர் குழுவில் தண்ணீர்ப் பேச்சு நின்றுவிட்டது. வீடியோக்கள் வந்து குவிந்தன. எந்த நாட்டில் எடுத்ததென்று தெரியாத வீடியோக்கள். "இருவது வருசமா ஒண்டா வயல் செய்த ஆக்கள், வரம்பில கண்டா கதைக்கல்ல" என்றார் பெரியப்பா.

பிறகு நாலு பேர் இதே கடையில் உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். அவர் வாயாலேயே கேளுங்கள்:

"குழுவில வீடியோ, படம் எதையும் போடலாம். ஆனா போடுற ஆள், கூடவே தன்ட குரலில மூண்டு விசயம் சொல்லணும். எங்க நடந்தது, எப்ப நடந்தது, தனக்கு யார் தந்தது. சொல்ல ஏலாட்டி போடக்கூடா. முதல்ல சிரிச்சாங்க. பிறகு பாத்தா, போனை வாய்க்கிட்டக் கொண்டு போனதும் ஒருத்தருக்கும் குரல் வருதில்ல. ஏனெண்டா தெரியாதே!"

கடைக்காரர் காக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "இன்னொண்டும் சொல்லுங்க சேர். தண்ணிப் பிரச்சினை, வரம்புப் பிரச்சினை எண்டா குழுவில இல்ல. வாய்க்கால் கட்டில நேர வந்து கதைக்கணும்."

எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. சட்டம் பிடிக்காமல் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்களாம். ஒருவர் இன்னும் வரம்பில் பேசுவதில்லையாம். ஆனால் குழு உடையவில்லை. அடுத்த போகத்துக்குத் தண்ணீர் வந்த செய்தி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போர்வர்ட் எறிந்துவிட்ட ஆளையும் இடத்தையும் நேரத்தையும் எடுத்துத் திரும்ப ஒட்டினார்கள். கம்பனி கொடுத்த அமைப்பில் ஒரு சின்ன மாற்றத்தைத் தங்கள் கையாலேயே செய்துகொண்டார்கள். அதை நாமும் செய்யலாம். அதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. லயக் குழு, சங்கக் குழு, பாடசாலைப் பெற்றோர் குழு எதுவானாலும், வயற்காரர்களின் அந்தச் சட்டத்தைப் பேசி எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இரட்டை அம்புக்குறி உள்ள செய்தியை ஓர் இரவு வைத்திருங்கள். காலையிலும் அது உண்மைபோலத் தோன்றினால் தெரிந்தவரிடம் கேளுங்கள். உண்மையான செய்தி விடிவதற்குள் கெட்டுப்போகாது.

3. சம்பளம், காணி, வீடு பற்றிய படம் வந்தால், "வர்த்தமானி எங்கே? திகதி என்ன?" என்று கேளுங்கள். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

4. ஒருவரோடு கோபம் வந்தால், எல்லாரும் பார்க்கும் குழுவில் பதில் போடாமல் அவருக்குத் தனியே பேசுங்கள். வேடிக்கை பார்க்க ஆள் இல்லையென்றால் இருவருக்கும் இறங்கி வருவது சுலபம்.

5. கோபமூட்டும் பதிவின் கீழே போய் நாமும் கோபப்பட்டால், அதை மேலும் பலர் கண்ணில் படச் செய்கிறோம். பொய் என்று தெரிந்ததற்குப் பதில் எழுதி அதை வளர்க்க வேண்டாம்.

6. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன்மீது பலருக்குப் பலவிதமான ஆட்சேபங்கள் உண்டு. ஆனாலும், "நான் எழுதவில்லை, அனுப்பத்தான் செய்தேன்" என்பது எப்போதும் தப்பிக்கும் வழியாகாது.

பெரியவர்களே, இளையவர்களே! நம் பாட்டன் பாட்டி காலத்தில் நமக்காகப் பேசியவர்கள் எல்லாம் வேறு யாரோ. கங்காணி பேசினார், துரை பேசினார், தலைவர் பேசினார். இன்றுதான் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு குரல் வெளியே போகிறது. அந்தக் குரலை ஒரு வரித் திட்டிலும் யாரோ வெட்டிய வீடியோவிலும் செலவழித்துவிடக் கூடாது. அடுத்த முறை போர்வர்ட் பொத்தானில் விரல் போகும்போது, அம்பாறைக் கறியில் இருந்த அந்த மாவுக் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழுவில் நீங்கள் வைத்திருக்கும் சட்டம் என்ன? எமக்கு எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். அடுத்த இதழில் பகிர்ந்துகொள்வோம். கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள்; இங்கே இடம் இருக்கிறது.